போர்ட்டிக்சன் போனால் மேலே பாருங்கள்

போர்ட்டிக்சன் கடற்கரையைப் பார்க்காத தோட்டக் குடும்பம் நம்மிடையே உண்டா? இருந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளி விடுமுறை என்றாலும் போர்ட்டிக்சன்தான். கோயில் கமிட்டி பஸ் எடுத்தாலும் போர்ட்டிக்சன்தான். தூரத்து உறவுக்காரர் வந்து இறங்கினாலும் அங்கேதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறி, கோழியைப் பிரட்டி எடுத்து, தெர்மஸில் தேநீர் ஊற்றி, பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினால், பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில், பெரியவர்கள் மர நிழலில். மாலையில் மணலும் உப்புமாக வீடு திரும்புகிறோம்.

நானும் அப்படி இருபது முப்பது தடவை போய் வந்தவன்தான். அந்தத் தடவைகளில் எத்தனை முறை என் தலைக்கு மேலே பருந்துகள் கூட்டங்கூட்டமாகக் கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தனவோ, எனக்குத் தெரியாது. தெரியாமலேயே சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நீங்களும் அப்படித் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், வாசகர்களே.

தெலுக் கெமாங் கடற்கரையைத் தாண்டி இன்னும் தெற்கே போனால், காடு மூடிய குன்று ஒன்று மூக்கைப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் தஞ்சோங் துவான். போர்த்துக்கீசியர் காலத்துப் பெயரை வைத்து வெள்ளைக்காரர்கள் அதைக் கேப் ரச்சாடோ என்றார்கள். உச்சியில் வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், சுற்றிலும் இருப்பது நெகிரி செம்பிலான். இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பங்காளி நிலத்தின் நடுவே நம் தென்னை மரம் ஒன்று நிற்பதுபோல!

இந்தக் குன்றுக்கு நேர் எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். மலாக்கா நீரிணை ஒடுங்கிப்போகும் இடம் இது. பருந்துகள் இந்த வழியாக வருவதற்கு அதுதான் காரணம்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் தோட்டத்துச் செம்மண் சடக்கில் நின்றால் எதிரே காற்று நெளிந்து நெளிந்து மேலே எழுவதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் காய்ந்த சருகுகள்கூட வட்டமாகச் சுழன்று மேலே கிளம்பும். தரை சூடானால் காற்றும் சூடாகி மேலே ஏறுகிறது. பருந்து அந்தக் காற்றின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் வட்டம் போட்டுப் போட்டு மேலே போய், அங்கிருந்து சரிந்து சரிந்து அடுத்த சூட்டுக் காற்றைப் போய்ப் பிடிக்கும். லோரி ஏறி ஊர் போவதுபோல. கால் வலிக்காது.

ஆனால் கடலின் மேல் இந்த வசதி கிடையாது. தண்ணீர் தரையைப்போலச் சூடாவதில்லை. ஆகவே கடலைக் கடக்கும்போது பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சிறகடித்தே வர வேண்டும். ஒரு மணி நேரமாவது ஓயாமல் அடிக்க வேண்டும். எதிர்க்காற்று வீசினால் இன்னும் அதிகம். வழியில் உட்கார ஒரு கிளை கிடையாது. களைத்து விழுந்தால் கடல்தான். அதனால்தான் நீரிணை ஒடுங்கிய இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. இந்தக் கரையில் அவற்றின் கண்ணுக்கு முதலில் தெரியும் பச்சை, தஞ்சோங் துவான் காடு. கரையோரமெல்லாம் ஓட்டலும் அடுக்குமாடியும் எழும்பிவிட்ட பிறகு அந்தச் சிறு காடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து எங்கே போகின்றன? குளிர்காலத்தை இந்தோனேசியாவின் காடுகளில் கழித்துவிட்டு, பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை வடக்கே போகின்றன. சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியா என்று போய்ச் சேர்ந்து, அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் சில பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் மூலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஜப்பானில் புறப்பட்டவை சீனக் கரையேறி, நம் தீபகற்பத்தின் வழியாகவே இறங்கி, சாவகம் வரை போனது தெரிந்தது. ஒரு வழிப் பயணமே சுமார் 10,000 கிலோமீட்டர்! எந்த எல்லையிலும் அவற்றிடம் அடையாளக் கார்டு கேட்பாரில்லை. நம்மவர்களில் சிவப்புக் கார்டோடு ஆண்டுக் கணக்கில் அலைந்தவர்களுக்கு இதைக் கேட்டால் ஒரு பெருமூச்சு வரும்.

வருகிறவற்றில் பெரும்பாலானவை தேன்பருந்துகள். பெயரில் தேன் இருந்தாலும் அவை விரும்பித் தின்பது தேனடையிலும் குளவிக் கூட்டிலும் இருக்கும் புழுக்களைத்தான். பால் மரம் வெட்டியவர்களுக்குக் குளவியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தின் மறுபக்கம் கூடு இருப்பது தெரியாமல் உளியை வைத்துவிட்டு, முகம் வீங்கி மூன்று நாள் வேலைக்குப் போகாதவர்கள் எத்தனை பேர்! அந்தக் குளவிக் கூட்டைத்தான் இந்தப் பருந்து நகத்தால் பிய்த்துத் தின்கிறது. அதன் முகத்தில் இறகுகள் மீன் செதிலைப்போலச் சின்னதாய், நெருக்கமாய் இருக்கும். கொடுக்கு இறங்குவது சுலபமில்லை.

இதை அடையாளம் காண்பது எப்படி என்று கேட்பீர்கள். இறக்கையின் நிறத்தை நம்பாதீர்கள். ஒன்று வெள்ளையாய் இருக்கும், ஒன்று கரும்பழுப்பாய் இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. தலையைப் பாருங்கள். பருந்தின் உடம்புக்குப் புறாவின் தலையை வைத்ததுபோல, சிறிய தலை, நீண்ட கழுத்து. இறக்கைகள் அகலம். வாலில் கரும்பட்டைகள். இவற்றோடு வேறு சில இனங்களும் வரும். கொண்டை வைத்த சிறிய கறுப்பு வெள்ளைப் பருந்துகள் கூட்டமாக வரும்போது முதலில் காக்கைக் கூட்டமென்றே நினைப்பீர்கள். சிறு வல்லூறுகளும் உண்டு. அவை சரேலென்று போய்விடும், கண்ணில் நிற்காது.

கருடனை மட்டும் விருந்தாளிகளோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். வெள்ளைத் தலையும் வெள்ளை மார்பும் செங்கல் நிற உடம்புமாக, கோயில் கும்பாபிஷேகத்தின்போது வட்டமிட்டால் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது வருடம் முழுவதும் இந்தக் கரையிலேயே குடியிருக்கும் பறவை. அதைவிடப் பெரிதாய், அடிவயிறு வெள்ளையாய்ப் பறப்பது கடற்கழுகு. அதுவும் உள்ளூர்க்காரன்தான்.

நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். மலேசிய இயற்கைச் சங்கத்தார் 2000ஆம் ஆண்டில் தொடங்கி மார்ச் மாதத்தில் அந்தக் குன்றின்மேல் பருந்து பார்க்கும் விழா நடத்தி வந்திருக்கிறார்கள். எங்கள் பஸ் போன ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக அந்த நாளாக அமைந்தது. பத்து வயது மகள் அறிவிப்புத் துணியைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை, உண்மையைச் சொல்கிறேன். அப்பாதான், "பிள்ளை கேக்குதே, வாடா போவோம்" என்று முன்னால் நடந்தார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது ஆண்டு பால் மரம் வெட்டிய கால்கள். குன்றின் சடக்கு ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் ஏற்றம். இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

மேலே கலங்கரை விளக்கத்தின் அடியில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று ஒரு கூட்டம் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றது. பதினோரு மணி இருக்கும். யாரோ கையை நீட்டினார்கள். கடலின் மேல் தூசியைப்போல நாலைந்து புள்ளிகள். பார்க்கப் பார்க்கப் புள்ளிக்கு இறக்கை முளைத்தது. களைத்துப்போன அசைவு. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலாகத்தான் வந்தன. குன்றை நெருங்கியதும் மர உச்சியை உரசுவதுபோல எங்கள் தலைக்கு மேலே கடந்தன. இறகு இறகாகத் தெரிந்தது. பிறகு குன்றின் சூட்டுக் காற்று கிடைத்துவிட்டது போலும். சிறகடிப்பு நின்றது. விரித்த இறக்கையோடு வட்டம் போட ஆரம்பித்தன. ஐந்து பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று. மேலே மேலே போய், கண்ணுக்கெட்டாத உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே சரிந்தன.

அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"டேய், இதுங்களை நான் பார்த்திருக்கேன்டா. பால் எடுக்குற நேரத்துல காட்டுக்கு மேலே இப்படித்தான் சுத்திக்கிட்டே போகும். நின்னு பார்த்தா மண்டோர் சத்தம் போடுவான். அதனால ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறதோட சரி."

எங்கிருந்து வருகின்றன என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அப்போது ஒரு பருந்து கூட்டத்தோடு போகாமல், சற்றுக் கீழே ஒரு பட்ட கிளையில் வந்து உட்கார்ந்தது. இறக்கையை மடக்கக்கூடத் தெம்பில்லாமல் தொங்கவிட்டிருந்தது. விழாவில் உதவிக்கு நின்ற மலாய்ப் பெண் ஒருத்தி முக்காலியில் நிறுத்தியிருந்த பெரிய தூரக்கண்ணாடியை அதன் பக்கம் திருப்பி, "பாச்சிக், மாரி தெங்கோக்" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், 1976ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் லிங்கிக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. பள்ளி விட்டால் லாஸ்டிக்கும் கையுமாகத்தான் திரிவோம். கால்சட்டைப் பை நிறையக் கூழாங்கல். ஒரு நாள் மத்தியானம் மழை விட்டதும் திடலுக்குப் பந்தாடப் போனால், கோல் கம்பத்தின் மேல் பெரிய பருந்து ஒன்று நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கிட்டே போயும் அது பறக்கவில்லை. அதுதான் எங்களுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. ஆறு பேர். யார் கல் முதலில் பட்டதென்று தெரியாது; கடைசிக் கல் என்னுடையது. அது தெரியும். விழுந்த பிறகும் மஞ்சள் கண்ணைத் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இறக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஊர்வலம் போனோம். வேலை விட்டு வந்த அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. பறவையை வாங்கிக்கொண்டு போய் வாழைக்கடியில் புதைத்துவிட்டு வந்து குளிக்கப் போனார். அன்றிரவு என்னோடு பேசவில்லை.

இப்போது தூரக்கண்ணாடியிலிருந்து நிமிர்ந்த அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நம்ம திடல்ல செத்துச்சே, அதேதான்டா இது."

மகள் விடவில்லை. "எது தாத்தா? யாரு கொன்னா?"

"யாரோ பசங்கம்மா. தெரியாத பசங்க" என்றார் அப்பா.

கிளையில் இருந்த பருந்து அரை மணி நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறக்கையை ஒரு தடவை உதறிக்கொண்டு எழும்பி, வட்டம் போட்டு, மேலே போய்விட்டது. மகள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு பஸ் டிரைவர் ஆள் அனுப்பிக் கூப்பிடும்போது அவள் கணக்கு 312.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை ஆயிற்று, பிறகு வீடமைப்புத் திட்டம் ஆயிற்று. ஆனால் பறவைகளின் வழி மாறவில்லை. போர்ட்டிக்சன், லுக்குட், லிங்கி, சிரம்பான் பக்கம் இருப்பவர்கள் மார்ச் மாதத்தில் உங்கள் செம்பனைக் காட்டிலோ அடுக்குமாடி வீட்டுக் கூரையிலோ களைத்துப்போன பருந்தைக் காணக்கூடும். கண்டால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். பிள்ளைகளையும் நாயையும் எட்ட நிறுத்துங்கள், போதும். களைப்பு ஆறினால் அது தானே போய்விடும். இறக்கை ஒடிந்திருந்தாலோ வெகு நேரம் தரையிலேயே கிடந்தாலோ, ஒரு தடித்த துணியை மேலே போட்டு மூடி, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து இருட்டான இடத்தில் வையுங்கள். நகம் பொல்லாதது, கவனம். வாயைத் திறந்து சோறோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றம். அந்தச் சட்டம் 1976இல் இல்லையே என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அப்போதும் ஒரு சட்டம் இருக்கத்தான் செய்தது. தோட்டத்தில் எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

சரி, பயண விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதத்தின் நடுவில் போவது உத்தமம். காலை ஒன்பது மணிக்கு ஏறினால் வெயில் தாழ்வாக இருக்கும். பறவை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் வரும். வானம் மூடியிருந்தால் கடலின் அந்தப் பக்கமும் சூட்டுக் காற்று கிளம்பாது, அவையும் கிளம்பாது. அப்படிப்பட்ட நாளில் ஏமாந்து திரும்ப மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்து வளாகத்துக்குள் விடாத நாளும் உண்டு. விழா எந்த வாரம், நடக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. தொப்பி வேண்டும், தண்ணீர் வேண்டும். தூரக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தாழ்வாகத்தான் வருகின்றன. சோற்றுப் பையைக் கீழே பஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். வழியெல்லாம் குரங்குகள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்காமல் விடாது. என் வீட்டுக்காரியின் கையிலிருந்த வடைப் பொட்டலம் போனது போனதுதான்.

முழங்கால் வலிக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். குன்றின் அடியில் இருக்கும் கடற்கரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்தாலும் வட்டமிடுவது தெரியும். அப்பா கடைசி ஆண்டுகளில் அப்படித்தான் பார்த்தார். நாங்கள் மேலே நின்று எண்ணுவோம், அவர் கீழே படுத்து எண்ணுவார். இறங்கி வந்ததும் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்போம். ஒரு தடவையும் ஒத்து வந்ததில்லை. அவருடையதுதான் எப்போதும் அதிகமாக இருக்கும்.

மார்ச்சில் போக முடியாதவர்களுக்கு இன்னொரு பருவம் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் அவை தெற்கே திரும்பும்போது இந்தக் குன்றிலிருந்து கடலுக்கு மேல் கிளம்புவதைப் பார்க்கலாம். அது மழைக்காலம். குடையை மறக்காதீர்கள்.